செவிநரம்புக் கட்டி: முடிவெடுப்பவர் யார்?

‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நம்மவரில் பலர் கதிகலங்கிப் போகின்றனர். கட்டி என்றால் புற்றுநோய், புற்றுநோய் என்றால் மரணம் என்ற கணக்கு நம் சமுதாயத்தில் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. அதன் பிறகு டாக்டர் என்ன சொன்னாலும் மனத்தில் ஏறுவதில்லை. செவிநரம்பில் தோன்றும் கட்டியைப் பொறுத்தவரை இந்தக் கலக்கம் பெருந்தீங்கு விளைவிக்கிறது என்பதே என் கருத்து. இந்நோயில் பெரும்பாலோருக்குச் சிந்தித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் நாம் அச்சத்தில் வீணாக்குகிறோம், அல்லது அவசரத்தில் பறிகொடுக்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது பார்ப்போம். உட்செவியையும் மூளையையும் இணைக்கும் எட்டாவது நரம்பு, கேட்டல், உடற்சமநிலை ஆகிய இரண்டையும் சுமக்கிறது. அதன் சமநிலைப் பிரிவை உறைபோல் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் மிகையாகப் பெருகுவதால் உண்டாவதே இக்கட்டி. இது புற்றுநோய் அன்று; உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவதும் இல்லை. ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஓரிருவரிடமே கண்டறியப்படுகிறது. ஆனால் அது அமர்ந்திருக்கும் இடம் பொல்லாதது. எலும்புக்குள் இருக்கும் அந்தக் குறுகிய கால்வாயில், முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதை உரசிக்கொண்டே செல்கிறது. கட்டி வளர்ந்து கால்வாயை விட்டு வெளியே வந்தால் மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கும்.

இதைப் பினாங்கில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நம்மவருக்குச் சோறு போட்ட ஊர் இது. பட்டர்வொர்த் கப்பல் துறையிலும் கொள்கலன் முனையத்திலும் காலம் கழித்தவர்கள், 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது முதல் இயந்திரங்களின் நடுவே நின்றவர்கள் எனச் சத்தத்திலேயே வாழ்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்குக் காது மந்தமானால் “சத்தத்துல வேலை செஞ்ச காது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டிலும் சொல்கிறோம், சில கிளினிக்குகளிலும் சொல்கின்றனர். பலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். 85 டெசிபலுக்கு மேல் சத்தம் தாக்கும் ஊழியர்களுக்குச் செவித்திறன் சோதனை நடத்த வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் சத்த விதிமுறைகள் முதலாளிகளைக் கட்டாயப்படுத்துவதும் இதனால்தான். ஆயினும் ஒன்றை மறந்துவிடுகிறோம். சத்தத்தால் வரும் செவிக்குறை பெரும்பாலும் இரண்டு காதுகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பாதிக்கும். ஒரு காது மட்டும் மந்தமாகிறது, அதே காதில் ஓயாத இரைச்சல் கேட்கிறது, தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிப் பேசும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது என்றால் அதைச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பவர்களில் நூற்றில் ஒரு சிலருக்கே கட்டி இருக்கும். அந்த ஒரு சிலரைத்தான் வெதுவெதுப்பான எண்ணெய்யைக் காதில் விட்டு ஆண்டுக்கணக்கில் தாமதப்படுத்துகிறோம்.

சரி, கட்டி இருப்பது உறுதியாகிவிட்டது. இனி என்ன செய்வது? மூன்று வழிகள் உள்ளன: காத்திருந்து கவனித்தல், கதிர்வீச்சு, அறுவை. எந்த வழியும் போன செவித்திறனைத் திருப்பித் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் குடும்பங்களில் “ஆபரேஷன் செஞ்சா காது கேட்கும்” என்ற நம்பிக்கையிலேயே பாதி முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

அறுவைச் சிகிச்சையின் வரலாறே ஒரு பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் கட்டியை முழுவதும் எடுக்க முயலாமல் அதன் உட்பகுதியை மட்டும் குடைந்தெடுத்து அந்த இறப்பு விகிதத்தை வெகுவாகக் குறைத்தார்; அவருடைய அனுபவம் 1917இல் நூலாக வந்தது. 1960களில் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியைக் கொண்டு உட்செவி வழியாகச் சென்று முகநரம்பைக் காக்கும் முறையை வளர்த்தார். அன்று உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தார்கள்; பிறகு முகம் கோணாமல் இருந்தால் போதும் என்றார்கள்; இன்று செவியையும் காக்க முடியுமா என்று கேட்கிறார்கள். ஆனாலும் அபாயம் முற்றாக நீங்கிவிடவில்லை. உட்செவி வழியாகச் சென்றால் அந்தக் காதின் கேட்கும் திறன் அடியோடு போய்விடும். காதுக்குப் பின்புறமாகச் சென்றால் சிறிய கட்டிகளில் அதைக் காக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. மூளைத் தண்டுவட நீர் கசியலாம். முகநரம்பு பாதிக்கப்பட்டால் கண்ணை மூட முடியாமல் விழி உலர்ந்துபோகும். நம் இளைஞர்கள் ‘ஹல்க்’ ஆகத் திரையில் கண்டு ரசிக்கும் மார்க் ரஃபலோவுக்கு 2001இல் இந்த அறுவைதான் நடந்தது. அவருடைய முகத்தின் ஒரு பக்கம் பல மாதங்கள் செயலிழந்திருந்தது. இடது காதின் கேட்கும் திறன் திரும்பவே இல்லை. அவர் மீண்டும் நடிக்க வந்தது நமக்குத் தெரியும். அதற்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

கதிர்வீச்சு முறையில் கத்தியே இல்லை. சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் உருவாக்கிய ‘காமா நைஃப்’ கருவியால் 1969இல் முதன்முதலாக இக்கட்டிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் குவிந்து கட்டியின் வளர்ச்சியை நிறுத்துகின்றன. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி அடங்கிவிடுகிறது. ஆனால் கட்டி மறைந்துவிடாது, உள்ளேயே இருக்கும். முதல் சில மாதங்களில் சற்று வீங்கவும் கூடும். செவித்திறன் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் குறையலாம். பிற்காலத்தில் அறுவை தேவைப்பட்டால் அது கடினமாகிவிடும். ஏறக்குறைய 3 செண்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்கு இது பொதுவாக ஏற்றதன்று. அங்கே அறுவைதான் முதல் வழி. பெரிய கட்டிகளில் முகநரம்போடு ஒட்டிய சிறு பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பிறகு அதற்குக் கதிர் கொடுப்பதும் உண்டு.

நம்மவர் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது மூன்றாவது வழியைத்தான். “கித்தா பந்தாவ் டூலு” என்று டாக்டர் மலாயில் சொல்கிறார். ‘முதலில் கண்காணிப்போம்’ என்று பொருள். அது நம் பெரியவர்களின் காதில் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்றோ ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ’ என்றோ விழுகிறது. இரண்டும் பிழை. 2006இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று 552 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தது. கால்வாய்க்குள்ளேயே இருந்த கட்டிகளில் 17 விழுக்காடும், வெளியே வந்துவிட்ட கட்டிகளில் ஏறக்குறைய 29 விழுக்காடும் மட்டுமே வளர்ந்தன. வளர்ந்தவை முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வளர்ந்துவிட்டன. ஆக, கவனித்தல் என்பதும் ஒரு சிகிச்சை முறையே.

2023இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. சிறிய, நடுத்தரக் கட்டி உடைய 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மறு பாதியினரைக் கவனித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கதிர் பெற்றவர்களின் கட்டி சுருங்கியிருந்தது. காத்திருந்தவர்களின் கட்டி சராசரியில் ஒன்றரை மடங்காகியிருந்தது. ஆனால் செவித்திறன், தலைசுற்றல், முகத்தின் அசைவு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு அந்த நான்கு ஆண்டுகளில் வேறு சிகிச்சையே தேவைப்படவில்லை.

இதன் பொருள் என்ன? சிறிய கட்டியைப் பொறுத்தவரை இதுதான் சரி, அது தவறு என்று மருத்துவ அறிவியலே அடித்துச் சொல்லவில்லை. தலைக்குள் ஒன்று வளர்கிறதோ என்ற எண்ணத்தில் உறக்கம் வராதவருக்குக் கதிர்வீச்சு பொருத்தமாக இருக்கலாம். எழுபது வயதில் அமைதியாக இருப்பவருக்குக் கவனித்தலே போதும். என் சொந்த விருப்பம் முதலில் கவனித்தல், வளர்ந்தால் கதிர் என்ற வரிசையே. ஆனால் என் விருப்பமோ நோயாளியுடைய மகனின் விருப்பமோ இங்கு முக்கியமன்று.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைக் குறிப்பிட வேண்டும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது நரம்பில் 14 மில்லிமீட்டர் கட்டி. அண்ணன்மார் இருவரும் அறுவைதான் என்று முடிவு கட்டி, எங்கே செய்வது என்பதில்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று வழிகளையும் யாரோ தமிழில் நிதானமாக விளக்கிய பிறகே அவர் வாய் திறந்தார். “நான் ரெண்டு மாசம் படுத்துட்டா ஒன் பெரியம்மாவ டயாலிசிஸுக்கு யாருப்பா கொண்டு போறது?” என்று கேட்டார். வாரம் மூன்று முறை பெரியம்மாவை அழைத்துச் செல்பவர் அவர்தான். அதுவரை அந்த வீட்டில் எவரும் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் கவனித்தலைத் தேர்ந்தெடுத்தார். இதுவரை எடுத்த இரண்டு படங்களிலும் கட்டி வளரவில்லை. நாளை வளரலாம், அப்போது மீண்டும் பேச வேண்டியதுதான்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பது அவருடைய வரிசை. நோயாளிதான் அங்கே முதலில் நிற்கிறார். நம் குடும்பங்களில் நான்காவதாக நிற்க வேண்டியவர் முதல் இடத்துக்கு வந்துவிடுகிறார். அம்மாவுக்கு மலாய் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லி மகனே டாக்டரிடம் பேசி, மகனே முடிவெடுத்து, அம்மாவின் கட்டை விரலை மட்டும் இரவல் வாங்கிக்கொள்கிறான். பாசத்தால்தான் செய்கிறான், ஆனால் கோணப்போவது அம்மாவின் முகம்.

இங்கேதான் தமிழ்ப் பேரவைகளுக்கு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நல்லதுதான். கேட்பியல் பட்டப்படிப்பு தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்திலும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கிரியான் வளாகத்திலும் இருக்கிறது. மருத்துவம் பயிலும் தமிழ் மாணவர்களும் இருக்கின்றனர். இவர்களில் எத்தனை பேரால் இந்த மூன்று வழிகளையும் ஒரு பாட்டிக்குப் புரியும் தமிழில் விளக்க முடியும்? கலைச்சொல் அகராதியைப் புரட்டி ‘கேட்பு நரம்பு உறைத் திசுக்கட்டி’ என்று சொன்னால் பாட்டி இன்னும் பயந்துபோவார். ‘கெத்தும்புஹான்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வெறுமனே வளர்ச்சி என்றே பொருள். ‘காது நரம்புல ஒரு சின்ன வளர்ச்சி, இது புத்துநோய் இல்ல, பரவாது’ என்று தொடங்கினால் போதும். இப்படி ஒரு பக்க அளவில் எளிய தமிழில் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, மருத்துவமனைகளுக்கு வழங்குவது ஓர் ஆண்டுமலர் போடுவதைவிடக் கடினமான காரியம் அன்று.

சிலர் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்பர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இலேயே ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்குள்ள அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மேடானிலிருந்து மக்கள் சிகிச்சைக்காக நம் தீவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே: என் கட்டியின் அளவு என்ன, இத்தகைய அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு முகம் சரியாக இருக்கிறது? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைக்கின்றனர். நல்ல டாக்டர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கவனித்தலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு சொல். இந்த வழி, தவறாமல் திரும்பி வருபவருக்கு மட்டுமே பலன் தரும். முதல் படத்துக்குப் பின் ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஒன்று, அதன் பின் சில காலம் ஆண்டுக்கு ஒன்று என்பது பொதுவான நடைமுறை. நம்மவர் ஓய்வு பெற்றதும் தீவிலிருந்து பெருநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். தொலைபேசி எண் மாறுகிறது. மருத்துவமனை அட்டை எங்கோ தொலைகிறது. இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மருத்துவமனையை மாற்றினாலும் பழைய எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த வட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அறிக்கைத் தாள் போதாது. கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.