பொன்னும் இரும்பும் தொட்டிலிலேயா?

"தறிக்காரன் மகன் தறிக்குத்தானே போகப் போகிறான், அவனுக்கு ஏன் இவ்வளவு பாடு?" பட்டு நெய்யும் தேசூரிலே ஆசிரியப் பணி புரியும் நமது செவியிலே அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்போர் கல்லாதவர் அல்லர், கற்றவர், கற்பிப்பவர்! அவர்களுக்கு விடை கூற, அவர்கள் கல்லூரியிலே படித்துத் தேர்வோடு மறந்துவிட்ட கிரேக்க அறிஞர்களையே அழைக்கிறோம்.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலிலே ஒரு கதை புனைந்தார். ஆள்வோரிடம் பொன் கலந்திருக்கிறது, காப்போரிடம் வெள்ளி, உழுவோரிடமும் தொழில் புரிவோரிடமும் இரும்பும் வெண்கலமும் என்றார். புனைந்துரை என்று அவரே ஒப்புக்கொண்ட கதை! இதன் முற்பகுதியைக் காட்டி, "கிரேக்கமும் வருணத்தை வாழ்த்துகிறது" என மகிழ்வோர் உண்டு. பிற்பகுதியைப் படித்தால் மகிழ்ச்சி மறையும். இரும்பு வீட்டிலே பொன்மகவு பிறந்தால் உயர்த்துக, பொன் வீட்டிலே இரும்பு பிறந்தால் இரக்கமின்றி இறக்குக என்பதும் அவர் விதியே. மனிதரை உலோகமாகத் தரம் பிரிப்பதை நாம் ஏற்கவில்லை. ஆயினும், பெற்றோரைப் பாராதே, பிள்ளையைப் பார் என்னும் அளவுக்கேனும் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே அவர் வந்துவிட்டார்.

1953-லே ஆச்சாரியார் ஆட்சி அந்த அளவுக்கும் வரவில்லை! தொடக்கப் பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, எஞ்சிய பொழுதிலே பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி எனப் பெயர் சூட்டி நாடு கொதித்தது. பெரியார் முழங்கினார், கழகம் களம் புகுந்தது. 1954-லே ஆச்சாரியார் விலகினார். காமராசர் ஆட்சியிலே திட்டம் புதைக்கப்பட்டது.

உடல் புதைந்தது, ஆவி அலைகிறது. 2016-லே திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தானவை எனப் பட்டியலிட்டவை நீங்கலாக, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலிலே பிள்ளை உதவலாம் என்று கதவைச் சற்றே திறந்து வைத்தது. அதனினும் அகலத் திறந்திருப்பது ஆசிரியர் மனத்தின் கதவு! இரவிலே தார் சுற்றிய பிள்ளை, கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து நாடா எறிந்த பிள்ளை, காலையிலே கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்தால், "இவனுக்கு ஏறாது" எனத் தீர்ப்புரைப்பது சட்டமா? சட்டமன்று, நாம்!

'மீனோ' என்னும் நூலிலே சாக்ரடீசு ஓர் அடிமைச் சிறுவனை அழைக்கிறார். ஒரு சதுரத்தைப் போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை எவ்வாறு வரைவது என்பதைக் கேள்விகளாலேயே அவனைக் காணச் செய்கிறார். அடிமைக்கு எட்டியது வடிவியல்; பாவின் இழையை எண்ணி, கரையிலே பூ விழும் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் பிள்ளைக்குப் பின்னம் எட்டாதா? எட்டாதிருப்பது அவன் அறிவன்று, நமது கேள்வி.

1956-லே 'ராஜா ராணி' படத்திலே கலைஞரின் தமிழில் சாக்ரடீசு பேசக் கேட்டு மகிழ்ந்த நாடு இது. வகுப்பிலே "ஏன்?" என்ற சிறுவனைப் பெஞ்சின் மேல் ஏற்றும் நாடும் இதுவே! நஞ்சுக் கோப்பை ஏதென்சிலே மட்டுமா இருக்கிறது?

"பெற்றோர் விருப்பம் அதுவானால்?" என்பர். பெற்றோர் உரிமை என்ற பெயரால் பிள்ளையின் கல்வி பறிபோவதை, 1859-லே சுதந்திரத்தைப் பற்றி எழுதிய மில் ஒப்பவில்லை. கல்வியைக் கட்டாயமாக்குக என்றார். ஏழைக்குக் கட்டணம் செலுத்த உதவுக என்றும் சேர்த்தே சொன்னார். கட்டளையோடு கைகொடுப்பும் வேண்டும் என்பதே பாடம். முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கடனிலே கட்டுண்ட நெசவாளி குற்றவாளி அல்லன். அவன் தறியருகே சென்று அமர்வோம், அதட்டாது பேசுவோம், அவன் சொல்வதையும் கேட்போம். மக்களிடம் செல்லாத ஆசிரியனுக்கு மக்களாட்சியைப் பற்றிப் பாடம் நடத்தத் தகுதி ஏது?

ஆசிரியத் தோழர்களே! நெசவு இழிந்த தொழிலன்று. விரும்பி நெய்பவன் கலைஞன். வேறு வழியின்றி நெய்பவன் கைதி. தறியைத் தேர்ந்தெடுக்கவும் தறியை விட்டு எழவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையின் முதல் எழுத்து நம் கையிலுள்ள சுண்ணக்கட்டியிலே இருக்கிறது. எழுதுவோம்!