மங்கவேண்டிய முகங்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலைப் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பி ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஆகின்றன. அதன் வெளிச்சுவர்ச் சிங்கங்களை அருகில் சென்று பார்ப்பவர்க்கு வருத்தமே மிஞ்சும். உப்புக்காற்று அவற்றின் முகங்களை மழுக்கிவிட்டது. கருங்கற்களைக் கொட்டியும் சவுக்கு மரங்களை நட்டும் எஞ்சியதைக் காத்து வருகிறோம். அக்கோவிலின் முன் நாம் எடுக்கும் ஒளிப்படங்களிலோ, மங்கவேண்டிய முகங்கள் துல்லியமாகப் பதிந்துவிடுகின்றன.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுற்றுலா வரும் மாணவர் குழு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அர்ச்சுனன் தவப்பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னணியில் சோழி மாலை விற்கும் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். நிழலில் ஒரு தாய் அயர்ந்து உறங்குகிறாள். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. மாலைக்குள் அப்படம் சமூக ஊடகத்தில் ஏறிவிடுகிறது. ‘பொது இடத்தில் எடுத்ததுதானே’ என்பர் சிலர். தெருவில் கண்டவர் மறுகணம் மறந்துவிடுவார். இணையத்தில் ஏறிய முகத்தையோ பல ஆண்டுகள் கழித்தும் தேடி எடுக்கலாம். 2022இல் இந்திய நகரங்களின் வீதிக்காட்சிகளை வெளியிட்ட கூகுள் நிறுவனமும் முகங்களை மங்கச் செய்தே வெளியிட்டது.

அதே பணியை நாமும் செய்யலாம். 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற ‘ஓப்பன் சிவி’ என்னும் நிரலகம் எவருக்கும் இலவசம். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால் போதும். ஒவ்வொரு படப்புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளோடு கலந்து, அவற்றின் சராசரியாக மாறுகிறது. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் நடுப்புள்ளிக்கு 4 பங்கு, நாற்புறப் புள்ளிகளுக்கு இரண்டிரண்டு, மூலைகளுக்கு ஒவ்வொன்று, கூட்டினால் 16. அந்தப் பதினாறால் வகுத்துக் கிடைப்பதே புதிய நிறம். கணித மேதை காஸின் பெயரால் வழங்கும் முறை இது. வகுப்பறையில் சலிப்பூட்டும் சராசரிக் கணக்கு, ஒருவரின் மானத்தைக் காக்க இங்கே வந்து நிற்கிறது!

ஆனால், இத்தகைய சிறு கட்டத்தால் பெரிய முகம் மறையாது. பனித்திரைக்குப் பின் நிற்பதுபோல் அடையாளம் தெரியும். மங்கலாக்கிய முகங்களையும் பயிற்சி பெற்ற கணினி இனங்காணும் என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கட்டம் முகத்தின் அளவிற்கேற்ப வளரவேண்டும். சிறுவர் முகமாயின், மங்கலை நம்பாமல் ஒரே நிறத்தால் முழுதும் மூடிவிடுவதே தக்கது என்பது என் கருத்து. படத்தின் அழகு சற்றுக் குறையும், குறையட்டும்.

முகங்களைக் கண்டறியும் வேலையையும் நிரலகமே செய்யும். எனினும், நேர்முகங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கண்டறிவான், பக்கவாட்டில் திரும்பிய முகத்தைப் பெரும்பாலும் தவறவிடும். நம் படத்தில் அந்தச் சிறுமி கடலை நோக்கித் திரும்பி நிற்கிறாள். அவள் முகத்தைச் சுற்றிக் கட்டமிடவேண்டியது நம் கைதான்.