முதலில் வந்தவன் முதலாளி

பத்து பெரண்டாம் வீட்டில் அக்கா மகன் கேட்டது நீமோ மட்டும்தான். விலை மலிவு என்று நீல டாம்சலையும் வாங்கி, அதையே முதலில் தொட்டியில் விட்டேன். பிழை அங்கேதான்.

ஒரு வாரத்தில் அது தொட்டியையே தன் பேரில் எழுதிக்கொண்டது. பின்னால் வந்த நீமோவை மூலைக்குத் துரத்தித் துரத்திக் கடித்தது. நான்காம் நாள் நீமோ செத்துக் கிடந்தது.

“ஏன் மாமா, தண்ணி சரியில்லையா?”

தண்ணீர் சரிதான். வரிசைதான் தப்பு. வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடல்மீன் தொட்டியில், சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீனே வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். பிறகு சாதுக்கள் முதலில், முரடர்கள் கடைசியில். இடையில் இரண்டு வார இடைவெளி. நீமோ இனத்தில் சிறியதாக இரண்டை ஒன்றாக விடலாம். எல்லாம் ஆணாகவே பிறக்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும்! மூன்றாவது வந்தால் அடிதடிதான். டோரி ஓரடி வரை வளரும், சின்னத் தொட்டிக்கு ஆகாது.

ரெடாங், பெர்ஹெந்தியான் கடல் பூங்காக்களில் மீன் பிடிப்பது குற்றம். பண்ணையில் பொரித்த குஞ்சையே கேட்டு வாங்குங்கள்.

டாம்சலைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. உப்பு அளவு 1.025 என்று நோட்டில் எழுதிவைத்துக் காத்திருக்கிறான் பையன்.