மியூசிக் மேஜர்: படிச்சிட்டு என்ன பண்ணலாம்?

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இசையை மேஜராக எடுக்கிறேன் என்றால், வீட்டில் வரும் முதல் கேள்வி: “வேலை கிடைக்குமா?” அதற்கு முன் கேட்க வேண்டியது, “எந்தப் பட்டம்?”

கன்சர்வேட்டரிகள் தரும் பி.மியூஸ். பட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இசைதான். லிபரல் ஆர்ட்ஸ் பி.ஏ.வில் இசை பொதுவாகப் பாதிக்கும் குறைவு. மீதி நேரத்தில் வரலாறு, கணிதம், அறிவியல் எனப் படிக்கலாம். மேடைதான் லட்சியம் என்றால் பி.மியூஸ். பக்கம் போங்க. பி.ஏ.வில் மணிக்கணக்கில் சாதகம் பண்ண நேரம் கிடைப்பது கஷ்டம்.

அப்போ பி.ஏ. எதுக்கு? பாதையை இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு அதுதான் சரி என்பேன். ஜான் ஹிக்கின்ஸ் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியனில் இசை, வரலாறு இரண்டையும் மேஜராகப் படித்து 1962-ல் பட்டம் பெற்றார். பிறகு கர்நாடக இசைக்குள் நுழைந்து, டி.விஸ்வநாதனிடம் பாட்டு கற்று, நம்மூர் ரசிகர்களுக்கு ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார், பேராசிரியராகவும் இருந்தார்.

எல்லோரும் ஹிக்கின்ஸ் ஆக முடியாது. அதனால் சேரும் முன்பே கேட்டுடுங்க: இரட்டை மேஜர் எடுக்கலாமா? தனிப் பயிற்சி வகுப்புக்குத் தனிக் கட்டணமா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், வீட்டில் பேசுவது சுலபம்.