நோய் நாளுக்கும் பேர் வேண்டும்

விடிகாலை ஐந்து மணிக்கு அடுப்படியில் எமது பெண்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. உடம்பு கொதிக்கிறது, கால் உளைகிறது. ஆனால் கடைக் கடனும் சீட்டுக் காசும் பிள்ளையின் டியூஷன் காசும் கண்முன்னே வந்து நிற்கின்றன. கடைசியில் இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆண்களும் இதற்கு விலக்கல்ல.

இதைத் தைரியம் என்று நாம் நெடுங்காலமாகப் பாராட்டி வந்திருக்கிறோம். இது தைரியமல்ல, வேறு வழியில்லாத நிலை என்பதே எமது கருத்து.

கடையில், காரியாலயத்தில் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடாந்த லீவு தவிர, மேலும் 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. சுகமில்லாத நாளுக்கு அதை எடுக்கலாம். நாட்சம்பளத்துக்கு மலை ஏறும் எமக்கு நோய்க்கென்று அப்படி ஒரு நாள்கூட இல்லை. படுத்தால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் காசு இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபாவில் 200 ரூபா வருகைக்கான ஊக்கக் கொடுப்பனவு. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் 5,250 ரூபா கையை விட்டுப் போகும்.

வருகைக்குக் காசு என்பது எமக்குப் புதிதல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்திலும் 60 ரூபா வருகைக் கொடுப்பனவு இருந்தது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவருக்கே அது கிடைத்தது. நோயில் படுத்தவர், வேலை செய்த நாட்களுக்கான கொடுப்பனவையும் சேர்த்தே இழந்தார். உழைப்பவருக்கு ஊக்கம் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. நோயாளிக்கு அது தண்டனையாக மாறக்கூடாது என்கிறோம்.

“சம்பளத்தோடு லீவு கொடுத்தால் எல்லோரும் சாட்டுச் சொல்லி வீட்டில் நிற்பார்கள்” என்று நிர்வாகம் சொல்லும். காய்ச்சலோடு வருபவர் எத்தனை கிலோ பறிப்பார்? நிறை குறைந்து அரைப்பேரோடுதான் வீட்டுக்குப் போவார். மழையில் வழுக்கும் சரிவில் தலைசுற்றி விழுந்தால் யாருக்கு இலாபம்?

நாமும் திருந்த வேண்டியதுண்டு. அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டிலேயே இருக்கிறோம். யாரும் வேலைக்கு வா என்று கூப்பிடுவதுமில்லை. அந்த மரியாதையை மற்ற நோய்களுக்கும் கொடுப்போம். ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில் ஒரு வீட்டு நோய் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பிள்ளை மடுவத்துக்கும் அதுதான் போகும்.

ஆகவே காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், தலைசுற்று, மூச்சு முட்டுதல் இருந்தால் மலைக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். சுகமாகிவிட்டது என்று எண்ணிக் கூடையைத் தூக்குவது அப்போதுதான். பெனடோல் தவிர வேறு வலி மாத்திரைகளை டொக்டர் சொல்லாமல் போடவேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. கர்ப்பிணிகள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வேலைக்குப் போகாத அன்றே கங்காணிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ சொல்லி அனுப்புங்கள். மருந்தெடுத்த துண்டைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்கு வராததற்கு நிர்வாகம் கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் பேசுவது அந்தத் துண்டுதான். வேலையில் அடிபட்டாலோ குளவி கொட்டினாலோ அது வேறு விடயம். அதற்கு நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. உடனே தோட்டத் தலைவருக்கு அறிவியுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், அடுப்படியில் போடும் அந்தக் கணக்கு மாறாதவரை அறிவுரையால் மட்டும் யாரும் வீட்டில் நிற்கப் போவதில்லை. வைத்தியத் துண்டு காட்டும் நாளுக்கு முழுச் சம்பளம், வருகைக் கொடுப்பனவில் அந்த நாளைக் கழிக்காமை ஆகிய இரண்டையும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். இதைத் தோட்டக் கமிட்டிகளில் பேசி, தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். மாதர் தலைவிகள் முன்னுக்கு நிற்க வேண்டும். விடிகாலைக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான்.