தட்டுல ஒரு கையெழுத்து!

தட்டுல என்ன இருக்குனு தினமும் பார்க்குறோம். தட்டையே என்னிக்காவது பார்த்திருக்கோமா? ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியம் பக்கம் டூர் போனா, அங்கே இருக்கிற ஜப்பான் பீங்கானை 'சூப்பர்'னு சொல்லிட்டுத் தாண்டிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். பழைய ஜப்பான் தட்டுகளைப் படிக்கவே ஒரு டெக்னிக் இருக்கு.

வெள்ளைத் தட்டுல நீலக் கொடி ஒண்ணு சுருண்டு சுருண்டு ஓடுதா? அதுல குட்டிக் குட்டி இலைகள் ஆக்டோபஸ் கையில இருக்கிற உறிஞ்சிகள் மாதிரியே இருக்கும். பேரே 'தாக்கோ கராகுசா', அதாவது ஆக்டோபஸ் கொடி! ஆரம்பத்துல கொடிக்கு ஓரக்கோடு போட்டு, உள்ளே பொறுமையா நீலம் நிரப்பினாங்க. போகப் போக ஒரே இழுப்புல கொடியை முடிச்சுட்டாங்க. 1868-க்கு அப்புறம் அச்சு டிசைன் பரவுச்சு. அதுல டிசைன் ஒட்டுற இடம் லேசா விலகி நிற்கும். ஆக, கோட்டை வெச்சே தட்டோட வயசை ஓரளவு சொல்லிடலாம்.

அடுத்து பைன், மூங்கில், பிளம். இந்த மூணும் சேர்ந்து வந்தா, சும்மா அழகுக்கு இல்லை. குளிர்காலத்துலயும் பைனும் மூங்கிலும் பச்சையாவே நிற்கும். குளிர் போறதுக்கு முன்னாடியே பிளம் பூத்துடும். 'தாங்கி நில்லு'னு அர்த்தம்!

தாங்கி நின்ன மனுஷங்க கதையும் இதுக்குள்ள இருக்கு. இந்தத் தட்டுகள் பிறந்த ஊர் கியூஷு தீவுல இருக்கிற அரிட்டா. கப்பல் ஏறினது பக்கத்துல இருக்கிற இமாரி துறைமுகத்துல. அதனால உலகத்துக்கு இது 'இமாரி'. தொழிலை ஆரம்பிச்சவங்க பேர்? 1592-லயும் 1597-லயும் ஹிடேயோஷியோட படை கொரியா மேல பாய்ஞ்சது. திரும்பும்போது அங்கிருந்த குயவர்களையும் கூட்டிட்டு வந்துட்டாங்க, பலரைக் கைதிகளா. அவங்கள்ல ஒருத்தர் யி சாம்-பியோங். 1616 வாக்குல அரிட்டா மலையில பீங்கானுக்கான கல்லைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்னு ஊரே சொல்லுது. அங்கே கோயில்ல அவரையும் வெச்சுக் கும்பிடுறாங்க. அந்தக் கோயிலோட தோரணவாசல்கூடப் பீங்கான்தான்!

அவருக்குக் கோயில் கிடைச்சது. சொந்த மண்ணை விட்டுப் பிடுங்கி வரப்பட்ட மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க பேரு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு அப்புறம் தலைமுறை தலைமுறையா தட்டுல படம் போட்டவங்களும் அப்படித்தான்.

அடுத்த தடவை ஒரு பழைய தட்டைப் பார்த்தா, கிட்டப் போய் நில்லுங்க. எங்கேயோ ஒரு இடத்துல நீலக் கோடு லேசா தடுமாறியிருக்கும். குறைனு நினைச்சுடாதீங்க. பேர் தெரியாத யாரோ ஒருத்தர் போட்டுட்டுப் போன கையெழுத்து அது!