அளவுக்கு மீறிய அன்பா, பொறாமையா?



"அவர் என் மேல ரொம்ப பொசசிவ்" என்று இளையவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறேன். பொறாமையை அன்பின் அளவுகோலாக நினைப்பவர்கள், 1945-இல் வந்த 'லீவ் ஹெர் டு ஹெவன்' என்ற ஹாலிவுட் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். (முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

'நுவார்' வகைக் குற்றப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், இருட்டும் நிழலுமாக இருக்கும். இயக்குநர் ஜான் எம். ஸ்டால் இதை வண்ணத்தில் எடுத்தார். ஒளிப்பதிவாளர் லியோன் ஷாம்ராய்க்கு ஆஸ்கர் கிடைத்தது. அத்தனை அழகுக்கு நடுவில்தான் கொலை நடக்கிறது.

எலன் (ஜீன் டியர்னி), நிச்சயித்தவனை உதறிவிட்டு, ரயிலில் சந்தித்த எழுத்தாளன் ரிச்சர்டை மணக்கிறாள். அவன் தனக்கு மட்டுமே வேண்டும். போலியோவால் பாதிக்கப்பட்ட அவன் தம்பி டேனி உடனிருப்பதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏரியில் நீந்தும் சிறுவன் மூழ்குகிறான். இவள் படகில், கறுப்புக் கண்ணாடியோடு, அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு வயிற்றுக் குழந்தையே போட்டியாகத் தெரிகிறது. வேண்டுமென்றே மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். கடைசியில், தன் தாய் தத்தெடுத்து வளர்த்த ரூத்தின் பக்கம் கணவன் மனம் சாய்கிறது என்று கண்டு, பழி ரூத் மேல் விழும்படி ஏற்பாடு செய்துவிட்டு விஷம் குடித்துச் சாகிறாள்.

என்னைக் கேட்டால், படத்தில் மிகவும் பயப்பட வேண்டிய இடம் அந்த ஏரி அல்ல. எலனிடம் குறையொன்றும் இல்லை, அளவுக்கு மீறி நேசிக்கிறாள், அவ்வளவுதான் என்று அவள் தாய் சொல்லும் இடம். 'அன்பு' என்ற நல்ல சொல்லைப் போட்டு மூடிவிட்டதால், உள்ளே இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எலன் கைவிட்ட குவின்டன்தான், ரூத் மீதான கொலை வழக்கில் அரசு வழக்கறிஞர். அவனுடைய ஆத்திரம் சட்டம் பேசுகிறது! ரூத் விடுதலையாகிறாள். ஆனால் டேனியின் சாவு பற்றிய உண்மையை மறைத்த ரிச்சர்டுக்கு இரண்டு ஆண்டு சிறை. மூடி மறைப்பதும் குற்றம் என்கிறது படம்.

பொறாமையே இல்லாத மனிதர் உண்டா என்று கேட்பீர்கள். கிடையாது. பக்கத்துப் பிள்ளையைப் பாராட்டினால் முகம் வாடும் குழந்தைகளை வகுப்பில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது இயல்பு. ஆனால் முகம் வாடுவது வேறு, பக்கத்தில் இருப்பவன் இல்லாமலே போகட்டும் என்று நினைப்பது வேறு.

நண்பர், தம்பி, தங்கை என்று ஒவ்வொருவராக விலக்கச் சொல்கிறவரின் 'பாசத்தை' வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. ஆரம்பத்திலேயே உட்காரவைத்துப் பேச வேண்டும்.

படம் பார்த்தவர்கள் உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.